பாட்டில் கழுத்தில் ஒரு வில்லை: வரி முத்திரை எப்படி வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது

5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கி ரசீது கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பாதி வில்லையிலும் பாதி தாளிலுமாகக் குறுக்கே கையெழுத்துப் போடுகிறோம். ஏன் குறுக்கே என்று கேட்டால் 'அப்படித்தான் போடணும்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். காரணம் 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒட்டும் வில்லையை, மறுபடி எடுத்து ஒட்ட முடியாதபடி அப்போதே ரத்து செய்துவிட வேண்டும். செய்யாமல் விட்டால் அந்த ஆவணத்தில் முத்திரையே ஒட்டவில்லை என்றுதான் கணக்கு. வில்லை அசலா போலியா என்ற கவலைக்கு இணையாக, அது ஏற்கெனவே செலவான வில்லையா என்ற கவலையும் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது.

மதுபாட்டில் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும், வெளிநாட்டு சிகரெட் பெட்டியின் மடிப்பில் ஒட்டியிருக்கும் காகிதப் பட்டையும் இந்த ஒரு ரூபாய் வில்லையின் வாரிசுகள். பளபளப்பு கூடியிருக்கிறது, க்யூஆர் கோடு வந்திருக்கிறது, விளக்கடித்தால் மின்னும் மை வந்திருக்கிறது. கேட்கவேண்டிய கேள்விகள் பழையவைதான். வில்லை அசலா? ஏற்கெனவே ஒரு பாட்டிலுக்குச் செலவானதா? இந்தப் பாட்டிலுக்கென்று வரியை வாங்கிக்கொண்டு அரசு கொடுத்ததா? அச்சுத் தொழில்நுட்பம் அத்தனையும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பெரிய மோசடிகள் மற்ற இரண்டின் வழியாக வந்தவை.

ஒரு வில்லைக்குப் பின்னால் எவ்வளவு பணம்

அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வர்ஜீனியா மாநிலத்தில் 20 சிகரெட் கொண்ட பெட்டிக்கு மாநில வரி 60 சென்ட். நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பரிலிருந்து 5.35 டாலர்; நியூயார்க் நகரத்துக்குள் என்றால் நகர வரி இன்னொரு 1.50 டாலர். ஒரு பெட்டிக்கு வித்தியாசம் 6.25 டாலர். மொத்த வியாபாரத்தில் ஒரு கேஸ் என்பது 60 கார்ட்டன், அதாவது 600 பெட்டி. கேஸுக்கு 3,750 டாலர். ஒரு வேனில் 50 கேஸ் ஏற்றிக்கொண்டு வடக்கே ஓட்டினால் 1,87,500 டாலர். நடுவில் நிற்பது பெட்டியின் அடியில் சூட்டில் ஒட்டும் ஒரு சின்ன வில்லை. மொத்த வியாபாரிகள் இதை 30,000 எண்ணிக்கை கொண்ட சுருளாக வாங்கி ஒட்டுகிறார்கள். சுருள் என்பது காசுக்கட்டு மாதிரிதான். திருடு போனால் போனது வரிப்பணம். கலிஃபோர்னியா 2005-இல் பழைய வில்லையைக் கைவிட்டு, சங்கேதத் தகவல் பொதிந்த புதிய வகைக்கு மாறியதற்குக் காரணம் இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

வில்லை வடிவமைப்பவர் முதலில் கேட்கவேண்டிய எண்ணும் இதுதான்: ஒரு வில்லைக்குப் பின்னால் எவ்வளவு வரி நிற்கிறது? கென்யா 2013-இல் புகையிலை, ஒயின், சாராய வகைகளில் தொடங்கிய முத்திரைத் திட்டத்தை 2019 நவம்பரில் பாட்டில் தண்ணீருக்கும் பழச்சாறுக்கும் நீட்டியது. ஒரு முழு பாட்டில் விஸ்கிக்குப் பின்னால் நிற்கும் வரிக்கும் அரை லிட்டர் தண்ணீருக்குப் பின்னால் நிற்கும் வரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டுக்கும் ஒரே தர வில்லை என்றால் ஒன்றில் வில்லைச் செலவு வரியையே தின்னும், மற்றதில் வில்லையின் பாதுகாப்பு போதாது. தண்ணீர் கம்பெனிகள் போட்ட சத்தத்தில் நியாயம் இருந்தது.

வரி கூடக்கூடத் தண்டனையைக் கூட்டிப் பார்ப்பதும் பழைய வழக்கம்தான். பிரிட்டனில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்த காலத்தில், வரி கட்டியதற்கு அடையாளமாக ஸ்பேட் ஆஸ் சீட்டை முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுத்தது. அந்த ஒற்றைச் சீட்டைப் போலியாக அடித்ததற்காக 1805-இல் ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரைத் தூக்கில் போட்டார்கள். பின்னால் வந்த விக்டோரியா காலத்து அதிகாரிகள் கொஞ்சம் யோசித்தார்கள். பேனா மையையோ தபால் முத்திரையையோ கழுவப்போனால் ஸ்டாம்பின் சொந்த நிறமே கரைந்துவிடும்படியான ஊதா, பச்சை மைகளில் 1880-களில் ஸ்டாம்ப் அடித்தார்கள். தூக்குக் கயிற்றைவிட இது எவ்வளவோ உருப்படியான யோசனை.

வில்லையைக் கையில் எடுத்தால்

நல்ல வில்லையில் முதலில் பார்க்கவேண்டியது தாள். சாதாரண வெள்ளைத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புற ஊதா விளக்கடித்தால் முழுத்தாளும் நீலமாக எரியும். பாதுகாப்புத் தாளில் அதைச் சேர்ப்பதில்லை. விளக்கில் தாள் மங்கலாகக் கிடக்க, உள்ளே தூவிய இழைகள் மட்டும் சிவப்பு, பச்சை, நீலமாக ஒளிரும். துணி துவைக்கும் சோப்புத்தூளும்கூட புற ஊதா விளக்கில் மின்னும் என்பதால், 'மின்னுகிறது, எனவே அசல்' என்பது குழந்தைத்தனம். எது மின்னக்கூடாதோ அது மின்னாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர்தான் தேர்ந்த ஆய்வாளர்.

அடுத்தது பசையும் வெட்டும். அச்சுத் தரத்தில் காட்டும் அக்கறையில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஈரப்பசையில் ஒட்டிய காகிதப் பட்டையை வெந்நீரில் ஊறப்போட்டால் முழுசாகக் கழன்று வரும். அதனால் தானே ஒட்டும் பசையும், வில்லையின் உடம்பில் அங்கங்கே மெல்லிய கீறல் வெட்டுகளும் வைக்கிறார்கள். உரிக்கப்போனால் கீறலில் பிடித்துத் துண்டுதுண்டாகப் போகும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கீறாமல் இருக்க, உற்பத்தியின் கடைசிக் கட்டத்தில் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு அடிக்கிறார்கள். அந்தப் பூச்சு கனமாக விழுந்த பாட்டில்களில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பாட்டில் கழுத்து ஈரமாகவோ வியர்த்தோ இருந்தாலும் இதே கதை. வில்லையின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், கிடங்கு போய்ச் சேருமுன் உதிரும். வில்லை இல்லாத பாட்டில் எல்லாம் கள்ளச்சரக்கு என்று கடைக்காரரைப் பிடித்தால், பசை செய்த குற்றத்துக்கு அவர் அபராதம் கட்ட நேரும். கொள்முதலுக்கு முன்பே குளிர்நீர், வெந்நீர், உறைபெட்டி, சூடான காற்று, கடையில் கிடைக்கும் கரைப்பான்கள் எல்லாவற்றிலும் வில்லையைச் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சோதனையை வெறும் கண்ணாடித் தகட்டில் செய்யாமல், ஆலையில் ஓடும் அதே பாட்டிலில் செய்ய வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். பட்டை மூடியின் மேல் பாலம் போட்டு இரண்டு பக்கமும் கழுத்தில் இறங்க வேண்டும், திருகினால் கிழிய வேண்டும். க்யூஆர் கோடு மூடியின் மேல் இருந்தால் திறந்ததும் சிதைந்துவிடும். கழுத்தில் இறங்கும் காலில் முழுதாக இருந்தால் பாட்டில் காலியான பிறகும் ஸ்கேன் ஆகும். முதலாவது, மறுபயன்பாட்டைத் தடுக்கும். இரண்டாவது, குப்பையில் கிடக்கும் பாட்டிலை வைத்தும் எங்கே விற்றது என்று துப்பு துலக்க உதவும். ஒன்றைப் பெற்றால் மற்றது போகும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் காலில் ஒரு எண்ணும் கிழியும் இடத்தில் ஒரு கோடும் வைப்பார்கள்.

மேலே வருவது கண்ணுக்குத் தெரியும் வித்தை. நிறம் மாறும் மையில் இருப்பது சாயம் என்று நினைத்துவிடக்கூடாது. நடுவில் அலுமினியம், அதன் இருபுறமும் மெக்னீசியம் ஃபுளோரைடு, அதற்கு வெளியே மெல்லிய குரோமியம் என்று ஐந்து அடுக்காகப் படியவைத்து நொறுக்கிய செதில்கள் அவை. மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் வானவில் தெரிவது எப்படியோ அப்படித்தான் இங்கும். அடுக்கின் கனத்தைப் பொறுத்து, நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்தால் வேறு நிறம். கலர் ஜெராக்ஸ் எடுத்தால் ஒரே நிறத்தில் செத்துக் கிடக்கும். இதன் அழகு என்னவென்றால் மக்களுக்குச் சொல்லித்தருவது சுலபம்: 'சாய்த்துப் பார், பச்சை நீலமாக வேண்டும்.'

ஹோலோகிராமுக்கு இந்த வசதி இல்லை. வாங்குபவர் அதில் பார்ப்பது பளபளப்பை மட்டும். போலி அடிப்பவர் அசல் ஹோலோகிராமை நகலெடுக்க மெனக்கெட வேண்டியதே இல்லை. பளபளக்கும் வானவில் தாளில் ஏறக்குறைய அதே படத்தை அச்சடித்தால் கடை வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பேர் கவனிக்க மாட்டார்கள். சாய்த்தால் எந்த உருவம் எங்கே நகரவேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத ஹோலோகிராம் வெறும் அலங்காரம்.

இதற்கும் கீழே ஆய்வாளருக்கு மட்டுமான அடுக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை, 980 நானோமீட்டர் அளவில் அடித்தால் பச்சையாக ஒளிரும் துகள்களை மையில் கலப்பார்கள். குறைந்த ஆற்றலை வாங்கிக் கூடிய ஆற்றலாகத் திருப்பித்தரும் பொருள்கள் அபூர்வம். சந்தையில் வாங்கிய சோப்புத்தூளால் இதை ஏமாற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் புகையிலைப் பொருள்களுக்கு 2018-இல் போட்ட விதி, ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது ஐந்து வகை அடையாளங்கள் வேண்டும் என்கிறது. அவற்றில் ஒன்றாவது வெறும் கண்ணுக்குத் தெரிவதாகவும், ஒன்றாவது சின்னக் கருவி வைத்துப் பார்ப்பதாகவும், ஒன்றாவது தனிக் கருவியோ ஆய்வகமோ இல்லாமல் தெரியாததாகவும் இருக்க வேண்டும். புகையிலைத் தொழிலோடு தொடர்பில்லாத வெளியாள் கொடுத்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அந்த நிபந்தனை ஏன் வந்தது என்பதற்குப் பிறகு வருவோம்.

களத்தில் ஆய்வாளரின் பையில் மூன்று பொருள் போதும்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அந்தந்த வில்லைக்குரிய கருவி அல்லது செயலி. பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் பாட்டிலைத் தொடாமல் வில்லை ஒட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்: கோணல், சுருக்கம், பழைய பசைத் தடம், பாலத்தில் ஒட்டுப்போட்ட கிழிசல். அடுத்து லென்ஸ். நுண்ணெழுத்து தெளிவான கோடாக இருக்கிறதா, அல்லது நான்கு நிறப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கிறதா? பிறகு டார்ச். கடைசியில்தான் ஸ்கேன். பலர் எடுத்ததும் ஸ்கேன் செய்துவிட்டுப் பச்சை டிக் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

க்யூஆர் கோட்டை நம்புகிறவர்களுக்கு

க்யூஆர் கோட்டில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது எண்ணைச் சுமக்கும் வண்டி, அவ்வளவுதான். ஒரு அசல் கோட்டைப் படம் எடுத்து ஆயிரம் வில்லையில் அச்சடித்தால் ஆயிரமும் ஸ்கேன் ஆகும், ஆயிரமும் 'அசல்' என்றே காட்டும். பாதுகாப்பு எல்லாம் எண்ணிலும், அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளும் கணினிக் கணக்கிலும் இருக்கிறது.

எண் வரிசையாகப் போனால் ஒரு பாட்டில் கையில் கிடைத்தவுடன் அடுத்த பத்து லட்சம் எண்ணும் கையில் கிடைத்த மாதிரி. ஆகவே எண் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். 32 எழுத்துகளிலிருந்து 12 இடங்கள் என்றால் சாத்தியங்கள் சுமார் 11,500 கோடி கோடி, அதாவது ஏறக்குறைய ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு. அதில் 100 கோடி வில்லைகளே வெளியிட்டிருந்தாலும், குருட்டாம்போக்கில் அடித்த எண் ஒன்று அசலாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 115 கோடியில் ஒன்று. ஊகிக்கும் வழி இப்படி அடைபட்டால் மிச்சம் இருப்பது நகலெடுக்கும் வழி.

நகலைப் பிடிக்க ஒரே எண் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் பில் போடும்போது ஸ்கேன் செய்து எண்ணை 'விற்றாயிற்று' என்று மூடிவிட்டால், அதே எண் மறுபடி வந்தால் மணி அடிக்கும். இது ஏறக்குறைய ரெவின்யூ ஸ்டாம்பில் போடும் குறுக்குக் கையெழுத்துதான். பேனாவுக்குப் பதில் ஸ்கேனர். ஆனால் முதலில் வந்தது அசல் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போலி முன்னால் விற்றுவிட்டால், பின்னால் வரும் அசல் பாட்டிலுக்குத்தான் மணி அடிக்கும். கடையில் ஸ்கேன் செய்யாமலே விற்கிற பழக்கம் இருந்தால் எதுவும் அடிக்காது. நெட்வொர்க் கிடைக்கவில்லை, கூட்டம் அதிகம் என்று கடைசியில் மொத்தமாகப் பில் போடும் கடைகள் இருக்கும்வரை இந்தத் திட்டத்தின் பாதி பலம் காகிதத்தில்தான்.

இன்னொரு ஓட்டை வாங்குபவர் பக்கம். போனின் சாதாரண கேமராவால் ஸ்கேன் செய்தால் கோட்டில் எழுதியிருக்கும் இணைய முகவரிக்குப் போகும். போலி வில்லை அடிக்கிறவர் அங்கே தன் சொந்த முகவரியைப் போட்டு, அரசுத் தளம் மாதிரியே ஒரு பக்கம் செய்து, பச்சை எழுத்தில் 'அசல் தயாரிப்பு' என்று காட்டலாம். துறையின் செயலியில் மட்டுமே திறக்கும்படி செய்தால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் செயலியைத் தரவிறக்குபவர்கள் சொற்பம்.

இதையெல்லாம் தாண்ட, நகலெடுத்தால் மங்கிப்போகும் நுண்புள்ளிக் கோலத்தைக் கோட்டுக்குள்ளேயே அச்சடிக்கும் முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை படம் எடுத்து அச்சடிக்கும்போதும் கொஞ்சம் விவரம் தொலையும். செயலி அந்த இழப்பை அளக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அசலைப் போலி என்று எத்தனை முறை தவறாகச் சொல்லும்? நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 10,000 பாட்டில் ஸ்கேன் செய்தால் அதில் 50 போலி என்றும் வைத்துக்கொள்வோம். போலியில் நூற்றுக்கு 95-ஐப் பிடித்தாலும் கிடைப்பது 47 அல்லது 48. மீதமுள்ள 9,950 அசலில் சுமார் 100 பாட்டிலைத் தவறாகப் போலி என்று சொல்லியிருக்கும். அடித்த மணிகளில் மூன்றில் இரண்டு பொய் மணி. ஒரு மாதம் இப்படி அலைந்த ஆய்வாளர் அடுத்த மாதம் மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டார்.

ஆலைக்குள்

நிமிடத்துக்கு 200 பாட்டில் ஓடும் வரிசையில் ஒரு பாட்டிலுக்குக் கிடைப்பது 0.3 விநாடி. அதற்குள் வில்லை ஒட்ட வேண்டும், கேமரா கோட்டைப் படிக்க வேண்டும், படிக்காததைத் தள்ளிவிட வேண்டும். இங்கே வரும் தொல்லைகள் எல்லா ஆலையிலும் ஒரே ரகம். ஹோலோகிராம் பட்டை கோட்டுக்கு ஒட்டி இருந்தால் அதன் கண்கூசும் ஒளி கேமரா கண்ணைக் குருடாக்கும். விளக்கைச் சாய்த்து வைக்க வேண்டும், அல்லது வடிவமைப்பிலேயே இரண்டையும் தள்ளி வைத்திருக்க வேண்டும். வெட்டி அடுக்கிய காகித வில்லைகள் வறண்ட காற்றில் நிலைமின்னேறி ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டிரண்டாகப் போகும். ஈரக்காற்றில் ஓரம் சுருண்டு உறிஞ்சியில் பிடிக்காது. வில்லைக் கட்டுகளைப் பிரித்து, ஓடும் அறையின் காற்றிலேயே ஒரு நாள் வைத்துவிட்டு ஏற்றினால் பாதித் தொல்லை குறையும்.

வில்லைக்கு உயிர் கொடுப்பது எப்போது என்பதுதான் இங்கே முக்கியமான முடிவு. அச்சகத்திலிருந்து கிளம்பும்போதே எண்கள் 'செல்லும்' என்று இருந்தால் வழியில் திருடு போகும் ஒவ்வொரு பெட்டியும் பணம். பாட்டிலில் ஒட்டி, கேமரா படித்த பிறகுதான் எண் உயிர்பெறும் என்று வைத்தால் திருட்டு வில்லை வெறும் ஸ்டிக்கர்.

ஒட்டிய பாட்டில்களைப் பெட்டியோடு கோக்க வேண்டும். இந்திய மதுவகையில் 750 மில்லி என்றால் பெட்டிக்கு 12, 375 மில்லி 24, 180 மில்லி 48. பெட்டிக்கு ஒரு எண்; அதன் கீழே 48 பாட்டில் எண்கள். கிடங்கில் பெட்டியை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும். கோளாறு வருவது பெட்டி மூடிய பிறகு. ஒரு பாட்டில் கசிகிறது என்று எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அதைக் கணினியில் மாற்றாமல் விட்டால், பெட்டி சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. அப்பாவித்தனமான இப்படிப்பட்ட பிசகுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால், உண்மையான மோசடி அதற்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

அதைவிட வசதியான ஒளிவிடம் 'சேதம்' என்ற பத்தி. சுருள் தொடங்கும்போதும் ஒட்டுப்போடும் இடத்திலும் கொஞ்சம் வில்லை வீணாவது இயல்பு. பத்து லட்சம் வில்லை வாங்கிய ஆலை 3 சதவீதம் சேதம் என்று எழுதினால், 30,000 பாட்டில்களுக்கு வரி இல்லாமல் அசல் வில்லை தயார். இது போலியே இல்லை. எந்த லென்ஸும் எந்த டார்ச்சும் இதைப் பிடிக்காது. சேதமான வில்லையைத் தாளில் ஒட்டி, எண்ணிக்கையாக இல்லாமல் எண் வாரியாகத் திருப்பி வாங்கி, அந்த எண்களைக் கணினியில் கொன்றுவிட்டு அழிப்பது தவிர வேறு வழி கிடையாது.

சாராயத்தின் கணக்கு வேறு, வில்லையின் கணக்கு வேறு

வில்லையை வில்லையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் தெரியாது. வெளியே இருந்து ஒரு எண் வேண்டும். மதுவகைக்கு அது ஆலைக்குள் வரும் எரிசாராயம். 96 சதவீதச் சாராயம் 10,000 லிட்டர் வந்தால் அதில் சுத்தச் சாராயம் 9,600 லிட்டர். இந்தியாவில் பிராந்தி, விஸ்கி பாட்டிலில் இருப்பது 42.8 சதவீதம். 9,600-ஐ 0.428-ஆல் வகுத்தால் சுமார் 22,430 லிட்டர் சரக்கு. குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி என்றால் ஏறக்குறைய 1,24,600 பாட்டில். ஆவியாதலும் சிந்தலும் போக அவ்வளவு வில்லை செலவாகியிருக்க வேண்டும். மூடி எத்தனை வாங்கினார்கள், காலி பாட்டில் எத்தனை வந்தது, இரவு ஷிப்டில் மின்சாரம் எவ்வளவு ஓடியது என்பவை அடுத்தடுத்த சாட்சிகள். சிகரெட்டில் இதே வேலையை ஃபில்டருக்கான அசிடேட் இழை செய்யும். உலகில் அதைச் செய்யும் ஆலைகள் வெகு சில.

இந்த வெளிக்கணக்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சத்தீஸ்கர் மதுபான வழக்கு நல்ல பாடம். வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது. அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு இது: 2019 முதல் 2022 வரை, கணக்கில் வராத நாட்டுச் சாராயம் போலி ஹோலோகிராம் ஒட்டப்பட்டு அரசுக் கடைகள் வழியாகவே விற்றது. எந்தத் தெருமுனைக் கள்ளக்கடையும் இதில் இல்லை. ஹோலோகிராம் எவ்வளவு நுட்பமாக இருந்தால் என்ன, அதைச் சரிபார்க்க வேண்டிய சங்கிலி முழுதும் சேர்ந்துகொண்டதாகச் சொல்லப்படும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

போலி முத்திரைத்தாள் விற்ற தெல்கியின் கதையும் இதே வகை. அப்துல் கரீம் தெல்கி முத்திரைத்தாளை வீட்டு மூலையில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கவில்லை. நாசிக் பாதுகாப்பு அச்சகம் கழித்துக்கட்டிய இயந்திரங்களை ஏலத்தில் எடுத்து அச்சடித்தார். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்றார். அந்தத் தாளை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணம், எத்தனை தாள் அச்சானது, எத்தனை விற்றது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே இடம் என்று எதுவும் இல்லாததுதான். பின்னால் வந்த இ-ஸ்டாம்பிங் முறை அச்சு நுட்பத்தைக் கூட்டவில்லை. சாதாரணத் தாளில் ஒரு சான்றிதழ் எண்ணும், மையப் பதிவேட்டில் அதே எண்ணும் இருந்தால் போதும் என்றது. மோசடிக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அதுதான் என்பது என் கருத்து.

இலங்கையிலும் மதுவரித் திணைக்களம் பாதுகாப்பு ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கிய பின்பு போலி ஸ்டிக்கர் ஒட்டிய போத்தல்கள் சிக்கி, விவகாரம் நாடாளுமன்றக் குழு வரைக்கும் போயிற்று.

சாவி யார் கையில்

எண்ணைப் பிறப்பிப்பவர் யார், பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பது தொழில்நுட்பக் கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் அதிகாரக் கேள்வி. சிகரெட்டில் இது வெளிப்படையாகவே சண்டையாயிற்று. ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் உருவாக்கிய கோடென்டிஃபை என்ற எண்முறையை மற்ற பெரிய சிகரெட் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டு, இதையே அரசுகளும் பயன்படுத்தலாம் என்றன. வரி கட்டவேண்டியவரே வரி முத்திரையின் கணக்கையும் எழுதுவதா என்று பொதுச் சுகாதாரத் தரப்பு கேட்டது. சியோலில் 2012 நவம்பரில் ஏற்று, 2018 செப்டம்பர் 25 அன்று அமலுக்கு வந்த, புகையிலைக் கள்ள வணிகத்துக்கு எதிரான உலக உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது: தடமறியும் கடமையைப் புகையிலைத் தொழிலிடம் ஒப்படைக்கக்கூடாது. ஐரோப்பிய விதியில் வெளியாள் கொடுத்த அடையாளம் வேண்டும் என்று இருப்பது இந்தச் சண்டையின் தழும்புதான். இந்தியாவும் இலங்கையும் இந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. பிரேசில் பான ஆலைகளில் 2008 வாக்கில் கொண்டுவந்த கண்காணிப்பு முறை, ஒவ்வொரு கேனிலும் கண்ணுக்குத் தெரியாத மையில் குறியிட்டு எண்ணியது. தொழில்நுட்பம் ஓடியது; செலவு அதிகம் என்று 2016 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வெளிக் கம்பெனிக்கு வில்லை ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், பதிவேடு யாருடைய சொத்து, ஒப்பந்தம் முடிந்தால் பழைய எண்களின் வரலாறு யாரிடம் இருக்கும் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளாத அரசு, கம்பெனியை மாற்றவே முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

இந்தியச் சிகரெட் பெட்டியில் இன்றுவரை வரி முத்திரை கிடையாது. 2025 நிதிச் சட்டம் ஜிஎஸ்டி சட்டத்தில் 148ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட பொருள்களுக்குத் தனி அடையாளக் குறியிடச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அல்லது வரியில் 10 சதவீதம், எது அதிகமோ அது. எந்தப் பொருளுக்கு என்பதும், கணக்கு யார் கையில் என்பதும் அறிவிக்கையில் வரும் வாசகங்களைப் பொறுத்தது. பிரிவைவிட அந்த வாசகங்களைத்தான் உற்றுப் படிக்க வேண்டும்.

வில்லைக்கு எட்டாத இடங்கள்

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாக்கெட்டுகளில் எந்த முத்திரையும் இல்லை, வாங்கியவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. வில்லை வேலை செய்வது அசல் கடையின் அலமாரிக்குள் போலி நுழையும்போது மட்டும். அலமாரிக்கே வராத சரக்குக்கு வேறு வைத்தியம்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது: அசல் பாட்டில், அசல் லேபிள், உள்ளே மட்டும் வேறு சரக்கு. இதற்குத் தேவையான மூலப்பொருள் காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் காலி பாட்டில். மூடியோடு வில்லை கிழியாமல் வந்த பாட்டிலுக்குக் கூடுதல் மதிப்பு. ஆய்வாளர்கள் இதைத் தேடிப்போவது அபூர்வம், குடித்தவர் பாட்டிலை உடைத்துப் போடுவதும் ஊருக்கு நல்லதில்லை. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித்தரும் திட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கேட்டது, காட்டில் சிதறும் கண்ணாடி யானைகளின் காலைக் குத்தும் என்பதற்காக. ஆனால் அந்த 10 ரூபாய் இன்னொரு வேலையையும் செய்கிறது: காலி பாட்டில் காயலான் கடைக்குப் போகாமல், வந்த கடைக்கே திரும்புகிறது. போலி நிரப்புகிறவர் இனி காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்க்கு மேல் கொடுத்தாக வேண்டும்.